வேலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு



சென்னையில் மனை வாங்கப் போகிறவர்களிடம் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: சித்திரையில் போய்ப் பார்க்காதே, கார்த்திகையில் போய்ப் பார். கோடையில் எல்லா மனையும் நல்ல மனைதான். தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வாசற்படியை எத்தனை வரிசை செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார், மதில் சுவரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் அடைமழைக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடு வாங்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த அறிவுரையின் அருமை 2015 டிசம்பர் வெள்ளத்தில்தான் புரிந்தது.

புரிந்த பிறகும் என்ன செய்ய முடிந்தது? கார்த்திகையில் போய்ப் பார்த்து, தண்ணீர் நிற்கும் இடம் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவர்களும் நம்மில் நிறைய. மேட்டு மனை அவர்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. எட்டிய விலையில் இருந்தது பள்ளத்து மனை. இருபது ஆண்டு உழைப்பை அதில் போட்டார்கள்.

இந்த மாதம் உங்களோடு இதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். வீட்டு விலையை ஒரு பிரச்சினையாகவும் ஏரி, சதுப்பு நிலம், வெள்ளம் ஆகியவற்றை வேறொரு பிரச்சினையாகவும் பிரித்துப் பேசி நாம் பழகிவிட்டோம். ஒன்றை ரியல் எஸ்டேட் பக்கத்தில் படிக்கிறோம், மற்றதைச் சுற்றுச்சூழல் பக்கத்தில் படிக்கிறோம். எனக்கு இரண்டும் ஒரே பிரச்சினையாகத் தெரிகின்றன. சாதாரணச் சம்பளக்காரர் குடியிருக்க நகரத்துக்குள் இடம் வைக்காதவரை, சென்னை தன் ஏரிகளின் மேல்தான் வளர்ந்துகொண்டிருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். புறநகரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இந்த விலை சொன்னால் இன்று யாரும் வாய்பிளக்க மாட்டார்கள். கையிலிருந்து 10 லட்சம் போட்டு, மீதி 40 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய் வரும். கடன் தீரும்போது கட்டிய தொகை 83 லட்சத்தைத் தாண்டியிருக்கும். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று கணக்குப் பார்த்தால், வீட்டுக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வர வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியை, மருந்துக் கடையில் நிற்கும் இளைஞர், வாடகைக் கார் ஓட்டுநர், தொழிற்சாலை ஒப்பந்தத் தொழிலாளி என்று இந்த நகரத்தை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் இருவர் சம்பாதித்தாலும் அந்த எண் வராது. இதில் பதிவுச் செலவைச் சேர்க்கவில்லை. கார் நிறுத்த இடத்துக்கு, மின் இணைப்புக்கு, சங்கத்துக்கு என்று கடைசியில் நீளும் பட்டியலையும் சேர்க்கவில்லை.

ஜி.எஸ்.டி. விதியில் குறைந்த விலை வீட்டுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்குள், 45 லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கட்டுமானத்தில் உள்ள அப்படிப்பட்ட வீட்டுக்கு 1 சதவீத வரி. எல்லையைத் தாண்டினால் 5 சதவீதம். 2019 ஏப்ரலில் வந்த விகிதம் இது. அதன் பிறகு கம்பி, சிமென்ட் விலையும் கொத்தனார் கூலியும் எங்கேயோ போய்விட்டன. மனை விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 45 லட்சத்துக்குள் கட்டி விற்பது நகரத்துக்குள் ஏறக்குறைய முடியாத காரியமாகிவிட்டது. முடிகிற இடத்தைத் தேடிக் கட்டுகிறவர்கள் செங்கல்பட்டுப் பக்கமும் திருவள்ளூர்ப் பக்கமும் போகிறார்கள்.

நாடு முழுவதும் இதே கதைதான். 2012-ல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, நம் நகரங்களில் ஏறத்தாழ 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் வேண்டிய வீடுகள். அதற்கு முந்தைய ஆண்டுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. நகரங்களில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் 1.1 கோடி என்று அதில் கண்டார்கள். முதலீடாக வாங்கிப் பூட்டிவைத்த வீடுகள், வாடகைக்கு விட அஞ்சிப் பூட்டிவைத்த வீடுகள், போய்ச் சேர பஸ் இல்லாததால் யாரும் குடிவராத வீடுகள் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

இனி நிலத்துக்கு வருவோம்.

ஏரியை வடித்து வீடு கட்டுவது நம் தலைமுறையில் தொடங்கியது அன்று. மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான். அன்று ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஏரிகள் மிச்சமிருந்தன, ஒன்று போனால் தாங்கியது. இன்று அந்த மிச்சம் இல்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் வந்து சேரும் இடம் அது. அங்கே தங்கி, ஊறி, மிஞ்சியது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி முட்டுக்காட்டில் கடலைச் சேரும். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. 2022-ல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக, அறிவிக்கப்பட்டபோது அந்தத் தகுதிக்குள் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். மீதியில் குப்பைக் கிடங்கு இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன, தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் இருக்கின்றன, நம்மைப் போன்றவர்களின் வீடுகளும் இருக்கின்றன. 2015-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் தன் பழைய இடத்துக்கே வந்து நின்றது. இரண்டுக்கும் நடுவில், 2019 கோடையில், குடிநீர் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம். மழை இறங்கி ஊறும் நிலத்தை மூடிவிட்டால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் ஒரே தெருவுக்குத்தான் வரும். பழைய மாமல்லபுரம் சாலை அடுக்ககங்களில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மாதாமாதம் லாரித் தண்ணீருக்கு அவர்கள் சங்கம் எவ்வளவு கட்டுகிறது என்று அவர்களுக்கே தெரியும்.

ஆகவே பள்ளத்து மனை மலிவு என்பது விற்பனைப் பத்திரம் வரைக்கும்தான். லாரித் தண்ணீர், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பழுது, வீணான குளிர்சாதனப் பெட்டி, தரையை ஏற்றுவதற்கு வாங்கும் இரண்டாவது கடன், வேலைக்குப் போய்வரும் செலவு என்று மீதி விலையை வாழ்நாள் முழுக்கக் கட்டுகிறோம். நகரமும் கட்டுகிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் படகும் நிவாரணமும் மோட்டாரும் யாருடைய வரிப்பணத்தில் வருகின்றன?

தனியார் கட்டுமான நிறுவனங்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அரசும் இதே வழியில்தான் போயிருக்கிறது.

1970-ல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது கொள்கை தெளிவாக இருந்தது. குடிசை எங்கே இருக்கிறதோ அங்கேயே அடுக்குமாடி எழுப்ப வேண்டும். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அந்த அளவில் செய்யத் துணியாத நேரம் அது. மெரினா ஓரத்து மீனவர்களுக்குக் கடலுக்கு எதிரிலேயே வீடு கிடைத்தது. கட்டடங்களில் குறைகள் இருந்திருக்கலாம், வீடுகள் மிகச் சிறியவையாக இருந்திருக்கலாம். தொழிலையும் பள்ளிக்கூடத்தையும் சொந்தபந்தத்தையும் யாரும் விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.

2000-க்குப் பிறகு திசை மாறியது. துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேல், பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல் என்று கட்டிக்கொண்டே போனார்கள். கூவம் கரையிலும் அடையாற்றின் கரையிலும் தலைமுறைகளாக இருந்தவர்களைப் பொருள்களோடு லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். ஆற்றங்கரை ஆபத்து, அதனால் மாற்றுகிறோம் என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. மாற்றிய இடமோ சதுப்பு நிலத்தின் ஓரம். பெருமழை பெய்யும்போதெல்லாம் செம்மஞ்சேரிக் குடியிருப்பில் தண்ணீர் புகுவதைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிலம் மலிவாகக் கிடைத்த இடத்தில் ஏழைக்கு வீடு என்று முடிவு செய்தால், வந்து சேரும் இடம் இப்படித்தான் இருக்கும்.

தொலைவு என்றால் என்னவென்று வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் நாலு வீட்டில் வேலை செய்து பத்து மணிக்குத் தன் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டவருக்கு, பெரும்பாக்கம் போன பிறகு ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. விடிவதற்கு முன் கிளம்பினால் இரண்டு வீட்டுக்குத்தான் நேரம் இருக்கும். மற்ற இரண்டும் கைவிட்டுப் போகும். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. அந்தப் பணம் குடும்பத்தில் நிற்கிறது. போன நேரம் திரும்பி வராது. வீடு இலவசமாகவே கிடைத்தாலும், வருமானம் பாதியானால் அந்தக் குடும்பத்துக்கு அந்த வீடு கட்டுப்படியாகாத வீடுதான். அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் நகரத்துக்குள் ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்குத் திரும்பியவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் பிழைப்பைத் தேடி வந்தவர்கள்.

அந்த நகர்களில் வாழ்கிறவர்களை இரக்கத்துக்குரியவர்களாக மட்டும் பார்ப்பதும் பிழை. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அந்த மண்ணில் திறமைக்கும் உழைப்புக்கும் பஞ்சமில்லை. வேலையும் நல்ல பள்ளியும் மருத்துவமனையும் வந்து சேரத்தான் இத்தனை ஆண்டு தாமதம்.

சரி, வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நாமே செய்து பார்த்த வழி. இதைப் பற்றிப் பேச யாரும் இல்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர மேம்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு பெரிய அளவில் நிலம் எடுத்தது. வீடு கட்டித் தரவில்லை. சாலை, குடிநீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு போட்டு மனையாகப் பிரித்தது. ஒரு சென்ட்டை ஒட்டிய சின்ன மனைகள் நிறைய. சிலவற்றில் வெறும் மனை, சிலவற்றில் கழிப்பறையும் குழாயும் மட்டும் கட்டிய மனை, சிலவற்றில் ஓர் அறை. மீதியை அவரவர் வசதிக்கு ஏற்பக் கட்டிக்கொள்ளலாம். நீண்ட காலத் தவணை. அதே மனைப் பிரிவில் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய மனைகளும், கடைகளுக்கான மனைகளும் வைத்து அவற்றைச் சந்தை விலைக்கு விற்றார்கள். அந்த லாபம் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தது. அரசு அள்ளிக் கொடுக்கவில்லை; திட்டம் தன் செலவைப் பெரும்பாலும் தானே ஈட்டிக்கொள்ளும்படி வகுக்கப்பட்டிருந்தது.

முதல் சில ஆண்டுகள் அந்த இடங்கள் அரைகுறையாகத்தான் தெரிந்தன. பாதிச் சுவர், ஓலைக் கூரை, காலி மனை. இது தோல்வி என்று பலரும் எழுதினார்கள். 1990-களில் உலக வங்கியும் இந்த வகைத் திட்டங்களிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. இருபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் திரும்பி வந்து இந்த இடங்களைப் பார்த்தபோது, தோல்வி என்று எழுதியது அவசரத் தீர்ப்பு என்று கண்டார்கள். வீடுகள் மாடி மாடியாக வளர்ந்திருந்தன. ஒரே தெருவில் சிறு வியாபாரியும் குமாஸ்தாவும் மேஸ்திரியும் குடியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் உரிமையாளர், மேலே வாடகைக் குடித்தனம், முன்பக்கம் தையற்கடையோ மாவு மில்லோ இருந்தன. பிள்ளை வேலைக்குப் போனதும் ஒரு தளம், மகள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு படிக்கட்டு என்று குடும்பத்தின் கையில் பணம் சேரும் வேகத்திலேயே வீடும் வளர்ந்தது.

இன்று அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனிக்குப் போய்ப் பாருங்கள். திட்டம் தொடங்கிய நாளில் அது நகரத்தின் ஓரம். நகரத்தை ஒட்டிய ஓரம் என்பதுதான் முக்கியம். நூறடிச் சாலை பக்கத்தில் இருந்தது, பஸ் இருந்தது, பின்னால் கோயம்பேடு சந்தை வந்தது, பேருந்து நிலையம் வந்தது, 2015-ல் மெட்ரோ வந்தது. குறையே இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். 2015 வெள்ளத்தில் கூவம் பெருகியபோது அங்கேயும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சின்ன மனைகள் பலவும் கைமாறிவிட்டன. ஆனாலும் வேலையை இழக்காமல், பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்காமல், ஆயிரக்கணக்கான குறைந்த வருமானக் குடும்பங்கள் சென்னைக்குள் சொந்தமாகக் காலூன்றியது அங்கேதான். எட்டு மாடி அடுக்ககமோ இலவச அறிவிப்போ அதற்குத் தேவைப்படவில்லை.

அந்த அளவில் காலி நிலம் இப்போது நகரத்துக்குள் கிடையாது என்பது உண்மை. அதன் சாரத்தை எடுத்துக்கொள்ள முடியும். வண்டி வசதி உள்ள இடத்தில் சின்ன அளவு வீடு, ஒரே இடத்தில் பல வருமானத்தார், வசதி உள்ளவர் கொடுக்கும் விலையில் இல்லாதவருக்கு ஒரு பங்கு என்பதே அந்தச் சாரம்.

2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, சாதாரணக் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு இரண்டு. அதாவது ஒரு கிரவுண்டில், 2,400 சதுர அடி மனையில், 4,800 சதுர அடி வரை கட்டலாம். சாலை அகலமாக இருந்தால் கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் கட்டலாம். அந்தக் கூடுதல் உரிமை அரசாங்கம் போட்ட சாலையாலும் மெட்ரோவாலும் பிறந்தது. அதற்கு ஈடாகப் பணம் மட்டும் வாங்காமல், மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கட்டுகிறவர்களிடம் சின்ன வீடுகளில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கலாம் என்பது என் கருத்து. 119 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாம் கட்ட மெட்ரோ எழுந்துகொண்டிருக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை ஒரு தடம், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை ஒரு தடம், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒரு தடம். அந்த நிலையங்களைச் சுற்றி இப்போது விதி வகுக்காவிட்டால், ரயில் ஓடத் தொடங்கும்போது அங்கே மனை விலை தொட முடியாத உயரத்தில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கார் நிறுத்த விதி கேட்கும் இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். உள்ளே வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுக்கு வகுத்த பரப்பு 30 சதுர மீட்டர். காருக்கு ஒதுக்கும் இடமும் குடும்பத்துக்கு ஒதுக்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கின்றன. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டும் சின்ன வீட்டுக்குக் கார் நிறுத்தம் கட்டாயம் என்று இருக்கக் கூடாது.

பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கட்டித் தரும் பணி இப்போது நடக்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று 2021-ல் பெயர் மாறிய அமைப்பின் பணிகளில் நான் மனதார வரவேற்பது இதைத்தான். இரண்டு கவனம் வேண்டும். கட்டி முடியும்வரை அந்தக் குடும்பங்கள் வெளியே வாடகைக்கு இருக்கின்றன. கையில் கொடுக்கும் தொகை சில மாதங்களில் கரைந்துவிடும், வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தரம் அடுத்தது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதுச் சுவரின் பூச்சு கையோடு உதிர்ந்ததை 2021-ல் நாடே பார்த்தது. பெரும்பாக்கத்தில் 2022-ல் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் 1,152 வீடுகளை விரைவாகக் கட்டிக் காட்டினார்கள். அந்தத் தொழில்நுட்பத்தை நகரத்துக்குள் நடக்கும் மறுகட்டுமானத்துக்குக் கொண்டுவந்தால், வெளியே வாடகைக்குக் காத்திருக்கும் காலம் குறையும். கூடவே காற்று குறுக்காக ஓடும் ஜன்னல், வெயிலை மறைக்கும் சன்ஷேட், வெள்ளைப் பூச்சுள்ள மொட்டை மாடி, 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பை உண்மையாகவே பராமரிப்பது என்று, பெரிய செலவில்லாத இந்தச் சங்கதிகள் சின்ன வீட்டுக்குத்தான் மிகவும் தேவை. மே மாத இரவில் ஏ.சி. போட வசதியில்லாத வீட்டில்தான் கைக்குழந்தை தூக்கமில்லாமல் அழுகிறது.

சொந்த வீடு ஒன்றே வீடு என்ற எண்ணத்தையும் நாம் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஊர்விட்டு வேலைக்கு வந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வேண்டியது இருபது வருடக் கடன் இல்லை, பாதுகாப்பான ஒரு கட்டிலும் பூட்டுள்ள அலமாரியும்தான். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதியை அரசு திறந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான தோழி விடுதிகளும் பல ஊர்களில் வந்திருக்கின்றன. வேலைக்குப் பக்கத்தில் வாடகை இடம் என்ற எண்ணம் அரசுக்கு வந்திருப்பது நல்ல தொடக்கம். குடும்பங்களுக்கும் அப்படி வாடகை வீடுகளை வாரியமே கட்டி வைத்துக்கொள்ளலாம். விற்றுவிட்டால் ஒரு குடும்பத்தோடு முடிந்தது. வாடகை வீடு தலைமுறைக்கும் பயன்படும்.

வாடகைக்கு வீடு விடும் வாசகர்களிடம் உரிமையோடு கொஞ்சம் பேச வேண்டும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 12,000 ரூபாய் வாடகை என்றால் 1,20,000 ரூபாய். மாதச் சம்பளக்காரர் அதைக் கந்து வட்டிக்கு வாங்கித்தான் உங்கள் கையில் கொடுக்கிறார். 2019-ல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணத்துக்கு அளவாக வைக்கிறது. எழுத்து ஒப்பந்தமும் பதிவும் வேண்டும் என்கிறது. உங்களுக்கும் அது பாதுகாப்புத்தான். அடுத்தது மனசு சம்பந்தப்பட்டது. சைவமா என்ற கேள்வியில் தொடங்கி ஊர் எது, எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துச் சாதியையும் மதத்தையும் தெரிந்துகொண்டு, "வேற பார்ட்டிக்கு முடிஞ்சிடுச்சி" என்று அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தனியாக இருக்கும் பெண்ணுக்கும், முஸ்லிம் குடும்பத்துக்கும், தலித் குடும்பத்துக்கும் கையில் பணம் இருந்தும் வீடு கிடைக்காமல் போகிறது. எந்த அரசும் எத்தனை லட்சம் வீடு கட்டினாலும் இந்தக் கதவை நாம்தான் திறக்க வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் அடுத்த முறை டூ-லெட் போர்டு மாட்டும்போது, மாத வாடகையை ஒழுங்காகத் தர முடியுமா என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லோருமாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ல் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரிக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க ஆணையும் வந்தது. எந்த நிலம் குடியிருப்பு, எது நீர்நிலை, எந்த வயலில் இனி மனை போடலாம் என்று தீர்மானிக்கும் ஆவணம் இது. நம் பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள் என்பது இதில்தான் எழுதப்படுகிறது. இப்படியொரு திட்டத்தின் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தையும் ஆட்சேபத்தையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். தமிழில் எழுதலாம், கையால் எழுதலாம், ஒரு பக்கம் போதும். உங்கள் தெருவில் தண்ணீர் எங்கிருந்து வந்து எந்த வழியாகப் போகும் என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். மெட்ரோ நிலையங்களைச் சுற்றிச் சின்ன வீடுகளுக்கு இடம் கேளுங்கள். வேலை இருக்கும் இடத்திலிருந்து யாரையும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பாதீர்கள் என்று எழுதுங்கள். வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கேயும் போய் இதையே சொல்லுங்கள்.

எழுதிய கடிதத்தின் நகல் ஒன்றை நமது இதழுக்கும் அனுப்பிவையுங்கள். வந்து சேரும் கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்